இடது கையைப் பார்த்து வரைந்த வலது கை

நடந்தவை, வரிசையாக:

1. ஐந்தாம் வகுப்பு முடிந்த விடுமுறையில் நானும் மேல்வீட்டுத் தோழியும் சேர்ந்து ஒரு சித்திரக்கதை போடத் தொடங்கினோம்.
2. கதை அவளுடையது, படம் என்னுடையது. படத்துக்காக மனித உடலை வரையக் கற்றுக்கொண்டேன்.
3. மாதிரியாக உட்கார்ந்தவர் அப்பா.
4. அப்பாவின் வலது கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, ஒரு பள்ளம் இருந்தது. இருந்தபடியே வரைந்தேன்.
5. பெரியவர்கள் இரண்டு பேர் அதைத் தப்பு என்றார்கள். திருத்திவிட்டேன்.
6. எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை.

எழுதிப் பார்த்தால் ஆறே வரி. ஆறாவது வரிக்குள்தான் அந்த வருடம் முழுக்கக் குடியிருந்தேன்.

புனே பக்கம் நிக்டியில் எங்கள் சொசைட்டிக் குடியிருப்பு மூன்று மாடி. நாங்கள் தரைத்தளம். அப்பாவும் அம்மாவும் கோயமுத்தூர்ப் பக்கம். அப்பா சிஞ்ச்வட்டில் கியர் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் வேலையில் இருந்தார். செய்து முடித்த பல்சக்கரங்களைக் கருங்கல் மேஜைமேல் வைத்து, ஊசி ஆடும் கருவியால் அளந்து, சரி அல்லது தள்ளுபடி என்று முத்திரை போடுவது அவர் வேலை.

நம் வயதுக்காரர்களில் அப்பா கம்பெனிக் காகிதத்தின் பின்பக்கத்தில் படம் போட்டு வளர்ந்தவர்கள் சிலராவது இருப்பீர்கள். உங்களுக்கு அமோனியா பிரிண்ட் என்ற வரைபட நகல் நினைவிருக்கும். முன்பக்கம் ஊதாக் கோடுகள், பின்பக்கம் பழுப்பு வெள்ளை. மூக்கருகே கொண்டுபோனால் கண்ணில் நீர் வரும். பழைய பிரிண்டுகளை அப்பா சுருட்டிக் கொண்டுவருவார். அவற்றை நாலாக வெட்டி, ஊசி நூலால் தைத்ததுதான் எங்கள் புத்தகம்.

அந்த ஊதாக் கோடுகளையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சில படங்களில் பாதி உருவம்தான் இருக்கும். நடுவே ஒரு நீளக்கோடு, ஒரு சின்னக்கோடு என்று மாறி மாறி ஓடும் ஒரு வரி. அதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இருக்காது.

"மறுபாதி எங்கேங்கப்பா?"

"அதுவும் இதேதான். நடுவுல சென்டர் லைன் போட்டிருக்குதல்ல? போட்டுட்டா ரெண்டு பக்கமும் ஒண்ணுன்னு அர்த்தம். ஒண்ணையே எதுக்கு ரெண்டு தடவை வரையோணும்?"

எனக்கு அது பெரிய வரமாகத் தோன்றியது. அன்றிலிருந்து எங்கள் கதாநாயகனுக்கும் சென்டர் லைன் போட்டேன். ஒரு தோள், ஒரு கை, ஒரு கால் வரைவேன். டிரேசிங் தாளில் அதை எடுத்து, ஜன்னல் கண்ணாடியில் திருப்பி ஒட்டி, மறுபாதியை நகல் எடுப்பேன். ஆள் தயார்.

தோழிக்கு அதில் திருப்தியில்லை. எங்களுக்குள் பேச்சு ஹிந்தியில்தான். இங்கே தமிழில் தருகிறேன்.

"இவன் ஹீரோவா? தோளைப் பார், உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி. விரல்களா இவை? ஐந்து பாவ் ரொட்டி!"

"நீ வரையேன் பார்க்கலாம்."

"நான் லேகிகா. எழுத்தாளர்கள் வரைய மாட்டார்கள். அக்காவிடம் புத்தகம் இருக்கிறது. அதைப் பார்த்துக் கற்றுக்கொள்."

அவள் அக்கா பிசியோதெரபி முதலாண்டு மாணவி. அந்தப் புத்தகம் அம்மாவின் சப்பாத்திப் பலகையைவிடக் கனம். பக்கத்துக்குப் பக்கம் தோலை உரித்துவிட்ட மனிதர்கள். முதல் நாள் பார்த்துவிட்டு இரண்டு வேளை சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் முதல், தோலுக்கு அடியில் எது இழுத்தால் எது அசைகிறது என்பது புரியத் தொடங்கியது. அதற்குப் பிறகு யாரைப் பார்த்தாலும் எனக்குத் தோல் தெரிவதில்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருக்கும் பெண்ணின் முன்னங்கை, காய்கறிக்காரர் மூட்டை தூக்கும்போது எழும் கழுத்து, எல்லாம் சிவப்பு நாராகவே தெரிந்தன. யாரிடம் சொல்வது? பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் பார்ப்பதை நிறுத்த முடியவில்லை.

ஞாயிறு காலைகளில் அப்பா பால்கனியில் பனியனோடு உட்காருவார். ஒரு நாள் அவரை எழுந்து நிற்கச் சொல்லி, ஸ்டீல் ஸ்கேலைத் தூரத்தில் நீட்டி, ஒரு கண்ணை மூடி, அவர் உயரம் எத்தனை தலை என்று அளந்தேன். சித்திரக்கதை நாயகனுக்கு எட்டுத் தலை வேண்டும்.

"அப்பா, நீங்க ஏழு தலைதானுங்க."

"ஒரு தலை கொறையுதா? உன்ற அம்மாவக் கேளு. கல்யாணத்தப்ப எட்டு இருந்துச்சு, அவதான் தின்னுபோட்டா."

உள்ளேயிருந்து அம்மா, "இருந்த ஏழும் எனக்குத் தெரிஞ்சு ஒண்ணும் வேலை செய்யறதில்ல" என்றாள்.

அந்த மாதிரிச் சிரிப்பு எங்கள் வீட்டில் இருந்தது என்பதைக் குறித்துவைக்கிறேன்.

எங்கள் கதாநாயகன் லோக்கல் ரயிலைக் கையால் நிறுத்துபவன். ஆகவே முதல் அத்தியாயத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரு கை மட்டும், பக்கம் முழுக்க. ரயிலை நோக்கி விரித்த வலது கை, புறங்கை நம் பக்கம். அப்பாவைப் பால்கனிக் கம்பியில் கையை விரித்து வைக்கச் சொன்னேன். புத்தகத்தில் படித்த ஒவ்வொரு சதையையும் தேடித் தேடி வரைந்துகொண்டு வந்தேன்.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வந்ததும் பென்சில் நின்றது. அங்கே திரட்சியாக இருக்க வேண்டிய இடம் சோற்றில் சாம்பாருக்குப் பண்ணும் குழிபோல உள்வாங்கியிருந்தது. புறங்கை எலும்புகளுக்கு நடுவே வாய்க்கால் வாய்க்காலாகப் பள்ளம். சுண்டுவிரல் மற்ற விரல்களோடு சேராமல், லேசாக மடங்கித் தள்ளி நின்றது. புத்தகத்தில் ஒன்று இருக்கிறது, கையில் வேறொன்று இருக்கிறது. நான் கையை நம்பினேன். பார்த்தபடி வரைந்தேன். முழங்கை வரைக்கும் போட்டேன். முழங்கையின் உட்புறம் கருத்துக் காய்த்திருந்ததையும் போட்டேன். கம்பெனிப் படங்களில் இருப்பதுபோல வலது கீழ்மூலையில் ஒரு கட்டம் கட்டி எழுதினேன்: பெயர், வலது கை. மாதிரி, அப்பா. தேதி.

"இங்க ஏனுங்கப்பா குழியாட்ட இருக்குது?"

அப்பா எழுந்து வந்து பார்த்தார். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்க்காமலே பனியனுக்குள் விட்டுக்கொண்டார்.

"இந்தக் கை வேண்டாம் அம்மணி. ஸ்பேனர் புடிச்சுப் புடிச்சுக் கோணிப் போச்சு. இடது கையைப் பாத்து வரை. திருப்பிப் போட்டுக்க. ரெண்டும் ஒண்ணுதான்."

இன்ஸ்பெக்‌ஷன்காரர் ஸ்பேனர் பிடிக்க மாட்டார். எனக்கு அது தெரியும். ஆனால் அப்பா பொய் சொல்லுவார் என்பது தெரியாது. அவருக்கு அப்போதே விஷயம் தெரியுமா, பாதிதான் தெரியுமா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

மறுநாள் படத்தைத் தோழியின் அக்காவிடம் காட்டினேன். அவள் தேர்வுக்குப் படித்துக்கொண்டே சிவப்புப் பென்சிலை எடுத்துப் பள்ளத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

"நன்றாக வரைந்திருக்கிறாய். இங்கே மட்டும் தப்பு. இங்கே ஒரு சதை உண்டு. கட்டைவிரலை ஒட்டி வைத்தால் முட்டை மாதிரி எழும்பும். உன் கையிலேயே பார்."

என் கையில் பார்த்தேன். எழும்பியது.

"தப்பு என்னுடையதுதானே?" என்று இரண்டு தடவை கேட்டேன்.

"உன்னுடையதுதான். வேறு யாருடையது?" என்று சிரித்தாள்.

எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. படிக்கட்டில் இரண்டிரண்டாகக் குதித்து இறங்கினேன். அந்தப் படத்தை அக்காவின் புத்தகத்துக்குள்ளேயே விட்டுவந்ததுகூட நினைவில்லை. இடது கையைப் பார்த்து வரைந்து, கண்ணாடியில் திருப்பி, முட்டை முட்டையாகச் சதை வைத்து, ரயிலை நிறுத்தினேன். சொசைட்டிப் பிள்ளைகள் வரிசையில் நின்று வாங்கிப் பார்த்தார்கள்.

நிம்மதி மறுநாள் காலை காபி வரைதான் நின்றது. அப்பா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தார். பள்ளம் அங்கேயே இருந்தது.

பதினோரு வயதில் எனக்கு ஒரு கணக்கு இருந்தது. அக்கா சொன்னபடி தப்பு என் படத்தில்தான் என்றால், அந்தத் தப்பு எப்படி அப்பாவின் கைக்கு வந்தது? நான் வரைந்ததால் வந்தது. அப்படியென்றால் நான் சரியாக வரைந்தால் போய்விடும். தினமும் பள்ளியிலிருந்து வந்ததும் ஒரு நல்ல வலது கை வரைவேன். மறுநாள் காலை அப்பாவின் கையைப் பார்ப்பேன். பல் தேய்க்கும்போது, சட்டைப் பொத்தான் போடும்போது, பேப்பர் புரட்டும்போது பார்ப்பேன். பொத்தானுக்கு இடது கை வந்துவிட்டது. பூட்டுக்குச் சாவி போடும்போது உடம்பு முழுக்கத் திரும்பியது. நான் வரைந்த கைகள் கொழுத்துக்கொண்டே போயின. அவர் கை வற்றிக்கொண்டே போனது.

தோழி வேறு வினையாக வந்தாள். மூன்றாம் அத்தியாயத்தில் கதாநாயகனின் கை செயலிழக்கிறது என்று எழுதிக் கொண்டுவந்து நீட்டினாள்.

"வரைய மாட்டேன்."

"ஏன்? கை போனால்தான் கதை. இல்லாவிட்டால் ஒவ்வொரு வாரமும் ரயிலை நிறுத்திக்கொண்டே இருப்பானா? பாயிண்ட்ஸ்மேனா அவன்?"

"அவனுக்குக் கை போகக்கூடாது."

"அரே, காகித மனிதன்! உனக்கு ஏன் அழுகை வருகிறது?"

நான்கு நாள் அவளோடு பேசவில்லை. பிறகு அவளே கதையை மாற்றி, கைக்குப் பதிலாகப் பார்வையை எடுத்துக்கொண்டாள். அப்புறம் ஒரு வாரம் அப்பாவின் கண்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழை விடும் சமயத்தில் ஒரு சனிக்கிழமை அப்பாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து பழைய மும்பை நெடுஞ்சாலையில் சிஞ்ச்வட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவர் தோளுக்கு மேலாக எனக்கு ஆக்சிலேட்டர் பிடித்த கை மட்டும்தான் தெரிந்தது. நான் அதை மட்டும்தான் பார்த்தேன். பாலத்து ஏற்றத்தில் அந்தக் கை முறுக்கைத் தாங்காமல் மெல்லத் திரும்பி வந்துவிட்டது. பிடி நழுவும்போது சத்தமே இல்லை. வண்டி தேங்கியது. பின்னால் ஒரு லாரி ஹாரனை விடாமல் அழுத்தியபடி எங்களை உரசிக்கொண்டு போனது. அதன் சக்கரத்துச் சேறு என் முழங்காலில் தெறித்தது. சூடாக இருந்தது.

அப்பா ஓரமாகத் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தினார். கீழே குனிந்து கார்புரேட்டரைப் பார்த்தார். அதில் ஒன்றுமில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"அப்பா, கையிங்களா?"

அவர் நிமிரவில்லை. "உன்ற அம்மாகிட்டச் சொல்லிப்போடாத, கண்ணு."

"ஏனுங்க?"

"அவ பயந்துக்குவா. டாக்டர்கிட்டப் போலாம்னு சொல்லுவா. கம்பெனி டாக்டர்னா சீட்டு கம்பெனிக்குப் போயிரும். கை நடுங்கற இன்ஸ்பெக்டர எவன் வெச்சுக்குவான்? மூட்டையக் கட்டிட்டு ஊருக்குப் போயி என்ன பண்றது? தானாச் சரியாயிரும். நீ சொல்லாம இருந்தாப் போதும்."

நான் தலையாட்டினேன். அவர் நிமிர்ந்து, சேறு பட்ட என் முழங்காலைக் கைக்குட்டையால் துடைத்தார். இடது கையால்.

அதற்குப் பிறகு பயம் இரண்டாகிவிட்டது. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அப்பா போய்விடுவார். தினமும் சாயங்காலம் ஸ்கூட்டர் சத்தம் கேட்கும்வரை கேட் பக்கத்தில் நிற்பேன். "அப்பா மேல அவ்வளவு பாசம்" என்று அம்மா பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொன்னாள்.

ஜனவரியில் ஒரு மத்தியானம் பள்ளி விட்டு வரும்போது தோழியின் அக்கா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தப் புத்தகம். கையில் என் படம், அவளுடைய சிவப்பு வட்டத்தோடு.

"இது யார் கை?"

"மனசிலிருந்து வரைந்தது."

"மனசிலிருந்து வரைகிறவர்கள் நல்ல கையை வரைவார்கள். கெட்ட கையை இவ்வளவு சரியாக வரைய முடியாது. நேற்று ஆஸ்பத்திரியில் இதே கையை ஒரு நோயாளியிடம் பார்த்தேன். இந்தப் பள்ளம், இந்தச் சுண்டுவிரல், முழங்கையில் இந்தக் காய்ப்பு. எல்லாம் இதில் இருக்கிறது. நான்தான் வட்டம் போட்டுத் தப்பு என்றேன்." அவள் விரல் படத்தின் மூலைக்குப் போனது. "இந்த எண்களைப் பார்த்தால் மே மாதம். இப்போது ஜனவரி. யார் கை, சொல்."

தேதியை மட்டும்தான் எண்ணில் போட்டிருந்தேன், 'மாதிரி, அப்பா' என்பதைத் தமிழில் எழுதியிருந்தேன். அவளால் படிக்க முடியாது. நான் சொல்லாவிட்டால் அவளுக்குத் தெரியப்போவதில்லை. மாடியில் யாரோ குக்கர் வைத்திருந்தார்கள். மூன்று விசில் வந்தது.

"அப்பாவுடையது" என்றேன். "கம்பெனிக்குத் தெரியக்கூடாது. அம்மாவுக்குத் தெரியக்கூடாது. நான் சொன்னது அப்பாவுக்குத் தெரியக்கூடாது."

அவள் படத்தை என்னிடமே கொடுத்துவிட்டாள். நான் அதைப் பைக்குள் மடித்து வைத்தேன்.

ஞாயிறன்று வெறுங்கையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பிராக்டிகல் தேர்வுக்குப் பழக வேண்டும், ஆள் வேண்டும் என்றாள். அம்மாவுக்கு ஹிந்தி அரைகுறை, ஆனால் தேர்வு என்றால் எதற்கும் சம்மதிப்பாள். அக்கா செய்தித்தாளில் ஒரு துண்டு கிழித்து, அம்மாவின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, விடாமல் பிடிக்கச் சொன்னாள். இழுத்தாள். தாள் கிழிந்தது, அம்மா விடவில்லை.

"இப்போது அங்கிள்."

"எனக்கெதுக்கு?" என்றார் அப்பா.

"புடிங்க, படிக்கற புள்ள கேக்குதல்ல" என்றாள் அம்மா.

அப்பா வலது கையை நீட்டினார். அக்கா தாளை வைத்தாள். அவர் கட்டைவிரல் நுனி வளைந்து வளைந்து அழுத்தியது. அவள் இழுத்ததாகவே தெரியவில்லை. தாள் தானாக வந்துவிட்டது.

அம்மா கைகொட்டிச் சிரித்தாள். "ஏனுங், ஒரு காயிதம் புடிக்கப் பெலம் இல்லீங்களா? இன்னொருக்காப் புடிங்க."

இன்னொரு தடவையும் வந்துவிட்டது. அம்மா சிரித்தபடியே அக்காவைப் பார்த்தாள். அக்கா சிரிக்கவில்லை. அம்மா அப்பாவின் கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்பதை நான் பார்த்தேன்.

அப்பா என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு பதினோரு நாள் என்னை அம்மணி என்று கூப்பிடவில்லை.

முழங்கைக்கு உட்புறமாக ஓடும் ஒரு நரம்பு. வருடக்கணக்காகக் கருங்கல் மேஜையில் வலது முழங்கையை ஊன்றி, குனிந்து ஊசியைப் பார்த்ததில் நசுங்கியிருந்தது. புனே நகரத்து ஆஸ்பத்திரியில் அந்த நரம்பை இடம் மாற்றி வைத்தார்கள். அதற்கு முன்னால் டாக்டர் கேட்டார்: "எப்போதிலிருந்து?"

"ரெண்டு மாசமா இருக்கும்" என்றார் அப்பா.

டாக்டர் நம்பாமல் அம்மாவைப் பார்த்தார். அம்மா, "நான் போன வாரம்தான் பார்த்தேன்" என்று திக்கித் திக்கி ஹிந்தியில் சொல்லி அழுதாள். நான் அறையில்தான் இருந்தேன். என் பையில் தேதி போட்ட காகிதம் இருந்தது. வாயைத் திறக்கவில்லை.

"ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் சதை திரும்பியிருக்கும்" என்றார் டாக்டர். "இனி மேலும் போகாமல் பார்த்துக்கொள்ளலாம்."

கம்பெனி விஷயம் பத்து நிமிடத்தில் முடிந்தது. மேலதிகாரி சீட்டைப் படித்துவிட்டு, முன்னாடியே சொல்வதற்கென்ன என்று கேட்டு, அப்பாவை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார். அப்பா எட்டு மாதம் பயந்தது இந்தப் பத்து நிமிடத்துக்கு.

இப்போது இருக்கிற நிலை இது. அப்பா இன்னும் ஸ்டோர்ஸில் இருக்கிறார், ஓய்வு பெற மூன்று வருடம் இருக்கிறது. பள்ளம் அப்படியே இருக்கிறது, வளரவில்லை. பொத்தானும் சாவியும் இடது கைக்குப் போய்விட்டன. தோழியின் குடும்பம் வீடு மாறியபோது எங்கள் சித்திரக்கதையின் மூன்று புத்தகங்களும் தொலைந்துபோயின. ரயிலை நிறுத்தும் அந்தக் கொழுத்த கை இப்போது எங்கும் இல்லை. நான் பொறியியல் படித்து, புனேவை ஒட்டிய சாகணில் கார் இருக்கைகளை வடிவமைக்கிறேன். கணினியில் ஒரு பாதியை வரைந்து ஒரு பொத்தானைத் தட்டினால் மறுபாதி வந்துவிடும். எல்லோரும் தட்டுகிறார்கள், நானும் தட்டுகிறேன். பிறகு செய்து வந்த இருக்கையை இரண்டு பக்கமும் தனித்தனியாக அளக்கிறேன். நேரம் வீணாகிறது என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள்.

அம்மா அன்றிலிருந்து ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "தினமும் சோறு போட்டேன். அந்தக் கைய நான் பாக்கலையே." விருந்தினர் முன்னால் சொல்வாள், அரிசி களையும்போது தனியாகவும் சொல்வாள். அப்போதெல்லாம் அப்பா என் பக்கம் பார்க்க மாட்டார், நானும் அவர் பக்கம் பார்க்க மாட்டேன்.

காகிதம் என்னிடம் இருக்கிறது. சிவப்பு வட்டம் மங்கிவிட்டது, தேதி மங்கவில்லை. அம்மா, வீட்டுக்கு வரும் இந்தத் தமிழ்ப் பத்திரிகையை அட்டையிலிருந்து அட்டைவரை படிப்பவள். இதையும் படிப்பாள்.